மூன்றாம் கொடி

ஜெயசீலன் ஐந்து மணிக்கு எழுந்தான். கூடத்து மூலையில் சார்ஜரில் கிடந்த இரண்டு பேட்டரிகளையும் பார்த்தான். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். பேட்டரிகளைப் பைக்குள் வைத்து, பையைக் கொண்டுபோய் வாசற்படியோரம் தன் செருப்பின் மேல் வைத்தான். அங்கே வைத்தால் பையைத் தூக்காமல் செருப்பைப் போட முடியாது. பிறகு மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை பல் துலக்கினான். மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். கயிற்றில் கிடந்த இரண்டு சட்டைகளில் காய்ந்திருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே பனி. எதிர் வயலில் அறுப்பு முடிந்து வைக்கோல் ஈரமாகக் கிடந்தது. தெருவில் மற்ற வீடுகளின் வாசலில் பொங்கலுக்குப் போட்ட கலர் கோலம் பாதி அழிந்து இன்னும் தெரிந்தது. இந்த வீட்டு வாசலில் வெறும் சாணித் தண்ணீர்.

தெளித்தது காசம்மாள். அவனுடைய மாமியார். ஒரே மகளை அவனுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு ஏம்பலத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஒதியம்பட்டுக்கு வந்து இவர்களோடு இருந்தவள். மகள் சுகன்யா இறந்து நாலு மாதம் ஆகிறது. காசம்மாள் திரும்பிப் போகவில்லை. போங்கள் என்று அவனும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. அவள் கரும்புக்குச் சோகை உரிக்கப் போவாள், வருவாள், சோறாக்குவாள். அவன் குவாரிக்குப் போவான், வருவான், சாப்பிடுவான். ஒரு நாளைக்கு இருவருக்கும் நடுவே இருபது வார்த்தை நடந்தால் அதிகம்.

இன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தாள். இட்லித் தட்டை அவன் முன்னால் வைத்தாள். நேற்றைய கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்து ஊற்றினாள்.

"நானும் வரன் மாப்ள."

"தெரியும் அத்தை. உங்களுக்குந்தான் விசாரணைக்கு லெட்டர் வந்திருக்குது."

"லெட்டர்ல கூப்புட்டது மட்டும்தான் எழுதிகீது. அந்த இன்னொரு காயிதம் இருக்குதே, கம்பெனிக்காரன் உங்ககிட்ட குடுத்தது. அதப் படிச்சி காட்டுங்க."

அவன் கை நின்றது. அந்தத் தாளை அவன் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தான்.

"புடவை எடுக்கப் போனன், இருந்துச்சி," என்றாள் காசம்மாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா சுகன்யா பேரு எழுதனா தெரியும். அவ சொல்லிக் குடுத்தது. அந்தக் காயிதத்துல அவ பேரு நாலு எடத்துல இருக்குது. படிங்க."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து படித்தான். தட்டச்சில் ஒரு பக்கம். சுரங்கப் பாதுகாப்பு விசாரணைக்காக, இறந்தவரின் கணவரும் குவாரியின் அதிர்வுக் கண்காணிப்பாளருமான நான் கொடுக்கும் வாக்குமூலம் என்று ஆரம்பித்தது. அன்று வெடி, அறிவிப்புப் பலகையில் உள்ளபடி சரியாக இரண்டு மணிக்கு வெடிக்கப்பட்டது. பேட்டரி தீர்ந்துபோனதால் கருவியில் பதிவு எதுவும் இல்லை. மூன்றாம் கொடியில் நின்ற குவாரிக் காவலர் செல்லப்பன் சிவப்புக் கொடி காட்டித் தடுத்தும், சுகன்யா, 'என் வீட்டுக்காரர் இங்கே ஆபீசர், என்னை நிறுத்த நீ யார்' என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதில் குவாரியின் மீதோ காவலர் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கடைசி வரியின் கீழே அவன் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

காசம்மாள் இட்லிக் குண்டானை மூடினாள்.

"ரேஷன் கடையில வரிசையில முன்னாடி வந்து பூந்தவளக்கூட ஒரு வார்த்த கேக்க மாட்டா எம் பொண்ணு. நான் சண்டைக்குப் போனா என் கையப் புடிச்சி இழுப்பா. அவளா 'நீ யாரு'ன்னு கேட்டா? அதுவும் செல்லப்பனயா? அவன் பொண்ணு சடங்குக்குப் போயி பந்தி பரிமாறிட்டு வந்தவ மாப்ள அவ."

"ஆமா."

"இப்ப நாளைக்குப் பின்ன எவன் கேட்டாலும் இன்னா சொல்லுவான்? திமிரு எடுத்துப் போயி செத்தான்னு சொல்லுவான். சர்க்கார் காயிதத்துல ஏறிட்டா அப்பறம் அதான் நெசம். கையெழுத்து போட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போடப் போறீங்களா?"

அவன் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தான். பையைத் தூக்கிவிட்டுச் செருப்பைப் போட்டான்.

குவாரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்தது. ஏரியைத் தாண்டினால் இந்தப் பக்கம் புதுச்சேரி. ஏரிக்குக் கீழே இருபது வீடு. அதில் கடைசி வீடு தேவியுடையது. அந்த வீட்டு வாசலில்தான் அதிர்வு அளக்கும் கருவியை வைக்க வேண்டும் என்று உத்தரவு. வெடிக்கும் குழிக்கு மிக அருகில் ஆள் குடியிருக்கும் வீடு அது. ஒவ்வொரு வெடிக்கும் அங்கே போய் உட்கார்ந்து, தரை எவ்வளவு ஆடியது என்று பதிவு செய்து கொடுப்பது ஜெயசீலனின் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் படித்ததற்கு அந்த வட்டாரத்தில் கிடைத்த வேலை.

வெடி நேரம் மதியம் இரண்டு மணி. ஒன்றரைக்கு முதல் சங்கு. சங்கு என்றால் சைரன்தான், ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முதல் சங்குக்கு நாலு பக்கப் பாதையிலும் நாலு பேர் சிவப்புக் கொடியோடு போய் நிற்பார்கள். அந்த நாலு இடங்களுக்கும் கொடி என்றுதான் பெயர். ஒன்றாம் கொடி, இரண்டாம் கொடி. அதற்குப் பிறகு உள்ளே ஈ, காக்கை போகக் கூடாது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு இரண்டாம் சங்கு. இரண்டுக்கு வெடி. புகை அடங்கி, வெடிக்காத குழி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மூன்றாம் சங்கு. கொடியை மடக்கலாம்.

இது பலகையில் உள்ளது. பலகையில் இல்லாதது ஒன்று இருந்தது. முதல் சங்குக்கும் இரண்டாம் சங்குக்கும் நடுவே உள்ள இருபத்தைந்து நிமிடத்துக்கு குவாரியில் 'நம்ம டைம்' என்று பெயர். அந்த நேரத்தில் தெரிந்த முகத்தைக் கொடிக்காரர்கள் விட்டுவிடுவார்கள். கம்ப்ரசர் ஓட்டுபவன் ஏரிக்கரைக் கடையில் டீ குடித்துவிட்டு வருவான். தேவி மாட்டை ஓட்டிக்கொண்டு போவாள். இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான், ஒரு நிமிடம் முந்தாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆறு வருடமாக முந்தியதில்லை.

சுகன்யா இறந்த அன்று ஜெயசீலன் தேவி வீட்டுக்கு வந்து கருவியைத் திறந்தபோது பேட்டரி ஒரு கோடு காட்டியது. முழுசாக ஏற்றியது வீட்டில் சார்ஜரிலேயே இருந்தது. பதிவு இல்லாமல் வெடிக்கக் கூடாது. வெடியைத் தள்ளிப்போடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டு குழியில் வெடிமருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். அவன் சுகன்யாவுக்குப் போன் செய்தான். அவள் பேட்டரியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள்.

ஒன்று நாற்பத்து நாலுக்கு மூன்றாம் கொடியிலிருந்து செல்லப்பன் கூப்பிட்டார். "தம்பி, பாப்பா வந்துகீது." போனை அவளிடம் கொடுத்தார். பிறகு அவர் வாங்கிக் கேட்டார். "வுடட்டா தம்பி?" ஜெயசீலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "வுடுங்கண்ணே. இன்னும் பதினாறு நிமிசம் இருக்குது," என்றான். குவாரியை ஒட்டிப் போகும் ஏரிக்கரை வழியாக மூன்றாம் கொடியிலிருந்து தேவி வீடு எழுநூறு மீட்டர். ரோடு சுற்றி வந்தால் நாலு கிலோமீட்டர்.

மேற்கே இடி இடித்தது. புரட்டாசி மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வெடி வைக்கும் மணவாளன் பயந்துபோனான். எல்லாக் குழிக்கும், மின்சாரத்தில் மருந்தைப் பற்றவைக்கும் கரண்டுக் கேப்பு கட்டியாகிவிட்டது. மின்னல் விழுந்தால் அது தானாகவே வெடிக்கும். இடி இடித்தால் எல்லாரையும் விலக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மணவாளன் குவாரிப் பள்ளத்துக்குள் இருந்தவர்களை வெளியேற்றினான். கொடி போட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது, உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பினான்; அந்தப் பயத்தில் 'நம்ம டைம்' நினைவுக்கு வரவில்லை. சங்கை ஒரு தடவை சின்னதாக அடித்தான். வெடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டான்.

கல் தேங்காய் அளவுகூட இல்லை. சுகன்யா ஹெல்மெட் போட்டிருந்தாள். கழுத்தில் பட்டது.

கருவியில் பதிவு இருந்தது. நேரம் 13:48:20. அதிர்வு நொடிக்கு 2.31 மில்லிமீட்டர். அனுமதித்த அளவு ஐந்து. ஒரு கோடு காட்டிய பழைய பேட்டரி மறுநாள் காலைவரை தீரவில்லை.

அந்தப் போனில் அவர்கள் பேசியது ஐம்பத்திரண்டு வினாடி என்று போலீஸ் சொன்னது. என்ன பேசினீர்கள் என்று கேட்டது. "பேட்டரி கொண்டாந்திருக்கன்னு சொன்னா," என்றான். அதுவும் உண்மைதான்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த காசம்மாள் வழி முழுக்கப் பேசவில்லை. வில்லியனூர் தாண்டிக் கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டபோது மட்டும், "மெதுவாவே போங்க, அவசரம் இல்ல," என்றாள்.

நாலு மாதமாக வெடி நிறுத்தியிருந்த குவாரியில் இன்று சோதனை வெடி. விசாரணை அதிகாரி வந்து முழு நடைமுறையையும் நேரில் பார்த்துவிட்டு, பிறகு வாக்குமூலம் வாங்குவார். மூன்றாம் கொடியில் செல்லப்பன் புது ஜாக்கெட் போட்டு நின்றார். கையில் வாக்கிடாக்கி. ஐம்பது வயது மனிதர், அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வா தம்பி. இத்தப் பாத்தியா? இதுல பேசனா மத்த மூணு கொடிக்கும் ஒண்ணாக் கேக்குது. நேத்து வூட்டுக்கு எடுத்துப் போயி எம் பொண்டாட்டிகிட்ட காட்டனன். எனக்கு எதுக்கு, நான் பேசறது ஏற்கனவே மூணு ஊருக்குக் கேக்குதுன்றா."

பின்னால் உட்கார்ந்திருந்தவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வா காசம்மா."

காசம்மாள் இறங்கினாள். செல்லப்பனைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தாள். ஏரிக்கரை நேராகப் போய் வேலிகாத்தான் புதருக்குள் திரும்பியது.

"இங்கதான் நின்னாளா?"

"இங்கதான்."

"நீ எங்க நின்ன?"

"இங்கயேதான் காசம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். இன்று உள்ளே போக நேரம் இருந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஜெயசீலன் வண்டியைக் கிளப்பப் போனபோது செல்லப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்ல."

"போட்டுடு தம்பி. நான் சொல்றத கேளு. நான் மேனேஜர்கிட்ட மட்டுந்தான் சொல்லிகீறன், நீ வுட சொன்னன்னு. வேற ஒருத்தருக்கும் தெரியாது. நீ வாயத் தொறந்தா உம் மேல கேசு, எம் மேல கேசு. மணவாளன் சின்னப் பையனுக்கு அப்பன். செத்துப்போன பாப்பா மேல ஒரு வார்த்த எழுதனா பாப்பாக்கு இன்னா ஆயிடப் போவுது? அது மேலதான் இருக்குது, பாத்துக்கினு இருக்கும், சிரிச்சிக்கும்."

"சிரிக்கமாட்டா."

"தம்பி."

"அவங்க அம்மாவப் பாத்து சொல்லுவீங்களாண்ணே?"

செல்லப்பன் ஹேண்டில்பாரை விட்டார். வாக்கிடாக்கியில் யாரோ, "மூணு, மூணு, சத்தம் வருதா?" என்று கேட்டார்கள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "வருது, வருது," என்றார்.

தேவி வீட்டு வாசலில் ஜெயசீலன் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பள்ளம் தோண்டினான். மூன்று ஆணி பொருத்திய உருளையை மண்ணில் இறக்கி, அதன் மேல் இருந்த அம்புக்குறியைக் குவாரிப் பக்கம் திருப்பினான். மண்ணைப் போட்டு மிதித்தான். மேலே மணல் மூட்டை. சத்தம் அளக்கும் மைக்கைக் கம்பியில் நிறுத்தினான். ஒயரைக் கருவியில் செருகினான். பேட்டரி முழுக் கோடு காட்டியது. கருவியின் நேரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டான். ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை. நோட்டில் எழுதினான்.

தேவி மோர் கொண்டுவந்து காசம்மாளுக்குக் கொடுத்தாள். முறுக்கும் கொடுத்தாள். காசம்மாள் முறுக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க மிசினு எங்க வூட்டு நாடி புடிச்சிப் பாக்குதே சார்," என்றாள் தேவி ஜெயசீலனிடம். "ஆறு வருசமா நாடி மட்டுந்தான் பாக்குது. மருந்து எப்ப குடுக்கும்? செவுத்தப் பாருங்க, பல்லி ஒரு பக்கம் பூந்து அடுப்பங்கரையில வருது."

"எழுதியிருக்கன் அக்கா."

"நீங்க எழுதுவீங்க. எழுதறதுக்குத்தான படிச்சீங்க."

சொல்லிவிட்டு, காசம்மாள் இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாட்டைப் பின்கட்டில் கட்டப் போய்விட்டாள்.

ஒன்றரைக்கு முதல் சங்கு. நீளமாக, ஒரு நிமிடம். ஏரியில் இருந்த நாரைகள் எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே உட்கார்ந்தன. வெயில் சுள்ளென்று இருந்தது. வானத்தில் ஒரு திட்டு மேகம் இல்லை. காசம்மாள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதுதான் மொத சங்கா?"

"ஆமா அத்தை."

"இதுக்கு அப்பறம் எவ்ளோ நேரம்?"

"வெடிக்க அரை மணி."

"அன்னிக்கு அவ இதுக்கு அப்பறம் வந்தாளா, முன்ன வந்தாளா?"

"அப்பறம்."

"செல்லப்பன் நிறுத்தனானா?"

கருவியின் திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நடந்தால் சின்னதாக அசையும். இப்போது அசையவில்லை.

"நிறுத்தனாரு."

"நின்னாளா?"

நாலு மாதத்தில் யாரும் அவனிடம் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கவில்லை. போலீஸ் கேட்டது வேறு. மேனேஜர் கேட்டது வேறு.

"நின்னா."

காசம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வியர்வையில் நெற்றி மின்னியது. மடியில் இருந்த முறுக்கு உடைந்திருந்தது.

"நின்னவ அப்பறம் எப்பிடி உள்ள வந்தா? கொடிக்காரன் வுடாம வர முடியாது. அவனா வுட மாட்டான், அவன் பயந்தாங்கொள்ளி. யாரு வுட சொன்னது?"

இரண்டாம் சங்கு அடித்தது. அவன் கருவியைப் பார்த்தான். 13:55:00. வாக்கிடாக்கி அவனுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒன்று சரி, இரண்டு சரி, மூன்று சரி, நாலு சரி என்று ஒவ்வொரு குரலாக வந்தது. மூன்றாவது குரல் செல்லப்பனுடையது. கடைசியாக அவன் சொல்ல வேண்டும். "கருவி சரி," என்றான். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பின்கட்டில் மாடு மூச்சு விட்டது.

முதலில் காலுக்குக் கீழே வந்தது. அப்புறம்தான் சத்தம். தேவி வீட்டுக் கூரைத் தகரம் சடசடவென்றது. அடுப்பங்கரையில் எதுவோ உருண்டது. காசம்மாள் இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தாள். அடங்கிய பிறகும் எடுக்கவில்லை. குவாரிக்கு மேலே வெள்ளைப் புழுதி எழும்பிக் காற்றில்லாமல் அப்படியே நின்றது.

14:00:03. நொடிக்கு 1.87. அவன் நோட்டில் எழுதினான். எழுத்து நேராகத்தான் வந்தது.

காசம்மாள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மூன்றாம் சங்கு அடித்ததும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

குவாரி ஆபீஸ் என்பது தகர ஷெட். உள்ளே நீள மேஜை. மேலே ஒரு விசிறி. விசாரணை அதிகாரி புவனேஸ்வரி நடுவில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஷூவில் குவாரிப் புழுதி. குழிவரை இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மேனேஜர் தமிழ்க்குமரன் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் டீ சொன்னார். ஜெயசீலனைக் கதவருகே மறித்து மெதுவாகப் பேசினார்.

"கொண்டாந்துட்டியா?"

"இருக்குது சார்."

"போட்டுக் குடு. உனக்காகத்தான் அப்படி எழுதினேன், புரியுதா? உன் மேல எதுவும் வராது. நூத்தி அறுபது பேரு வேலை இதுல இருக்கு. நீ படிச்சவன், நான் சொல்ல வேணாம்."

முதலில் செல்லப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததை அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது எழுதினது யாரோ. நீங்க உங்க வார்த்தையில சொல்லுங்க. அந்தப் பொண்ணு வந்தாங்க. நீங்க கொடி காட்டினீங்க. என்ன சொன்னாங்க?"

"அது... பாப்பா வந்து... அதான், அதுல எழுதிகீதே மேடம்."

"வாயால சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரர் ஆபீசரு... நீ யாரு..."

"எம் மூஞ்சப் பாத்து சொல்லு செல்லப்பா," என்றாள் காசம்மாள் பெஞ்சிலிருந்து.

"அம்மா, நீங்க அமைதியா இருங்க. உங்களையும் கேட்போம்," என்றார் மேனேஜர்.

"நான் எங்க சத்தம் போட்டன்? அவனப் பாக்கத்தான் சொல்றன். உன் பொண்ணு சடங்குல எம் பொண்ணு உனக்கு எல போட்டாளா இல்லியா? அண்ணே, இன்னும் கொஞ்சம் சாம்பாரு ஊத்தட்டான்னு கேட்டாளா இல்லியா? அவளா உன்ன நீ யாருன்னா?"

செல்லப்பன் மேலே விசிறியைப் பார்த்தார். கீழே பார்த்தார். வாய் கோணியது. ஜாக்கெட்டின் கையால் கண்ணைத் துடைத்தார். அதிகாரி பேனாவை எழுதாமல் பிடித்திருந்தார்.

ஜெயசீலன் எழுந்தான். பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தான். ஒன்று கையெழுத்துப் போடாத வாக்குமூலம். அதை மடித்து மேனேஜர் முன்னால் வைத்தான். இன்னொன்றை அதிகாரியிடம் கொடுத்தான். கருவியில் இருந்து எடுத்த பதிவு. மலை மாதிரி ஏறி இறங்கிய ஒரே ஒரு கோடு. மேலே தேதி. நேரம் 13:48:20.

"பேட்டரி தீரல மேடம். வெடி இரண்டு மணிக்கு வெடிக்கல."

அதிகாரி தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்க கருவியா?"

"ஆமா. அன்னைக்கு வெச்சது நான்தான்."

"ஜெயசீலன், நல்லா யோசிச்சிப் பேசு," என்றார் தமிழ்க்குமரன். குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"யோசிச்சிட்டன் சார். நாலு மாசம்." அவன் அதிகாரியிடம் திரும்பினான். "செல்லப்பண்ணன் நிறுத்தனாரு. அவ நின்னுட்டா. அவர் எனக்குப் போன் பண்ணாரு. உள்ள வுட சொன்னது நான். இன்னும் பதினாறு நிமிசம் இருக்குன்னு சொன்னன். மொத சங்குக்கு அப்பறம் யாரயும் வுடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அந்த விதிய தமிழ்ல டைப் அடிச்சி பலகையில ஒட்டனதே நான்தான்."

விசிறி சுற்றியது. பின்னால் பெஞ்சு ஒரு தடவை கிறீச்சிட்டது. காசம்மாள் எழுந்தாளா, உட்கார்ந்தாளா என்று அவன் பார்க்கவில்லை.

"போன்ல நீங்க அவங்ககிட்டயும் பேசினீங்களா?"

"பேசனன்."

"மொத்தத்தையும் சொல்லுங்க. முதல்லேருந்து."

"பேட்டரி கொண்டாந்திருக்கன்னா. கொடி போட்டுட்டாங்க, நான் ரோடு சுத்தியே வந்துடறன்னா. நாலு கிலோமீட்டர் எதுக்கு சுத்தற, பேட்டரி நின்னுடப் போவுது, நேரா வான்னு நான் சொன்னன். வுடுவாங்களான்னு கேட்டா. நம்ம டைம்தான், எல்லாரும் வர்றாங்க, வான்னன்."

அதிகாரி எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவன் நின்றான். இப்போது திரும்பிப் பார்த்தான். காசம்மாள் எழுந்துதான் நின்றிருந்தாள். அவனை அடிக்க வருகிறவள் மாதிரியும் இல்லை, அழப் போகிறவள் மாதிரியும் இல்லை. காதுக்குப் பின்னால் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, கேட்க மட்டும் நின்றாள்.

"அதுக்கு அவ இன்னா சொன்னா?" என்றாள். "அவ சொன்னத அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சொல் மாறாமல் இருந்தது.

"'செரி, நேராவே வரன். இரு, போன அண்ணன்கிட்ட குடுக்கறன், நீயே ஒரு வார்த்த சொல்லிடு. நான் சொன்னா அவரு வுட மாட்டாரு.'"